ஏற்ற துன்பமும் நேர்ந்த துன்பமும்

எஸ்பானிய மொழியில் சாலைப் பந்தய வீரர் ஒருவரின் தகுதியைப் பாராட்டுவோர், அவருக்குத் துன்பப்படத் தெரியும் என்று சொல்வது வழக்கம். பிற இடங்களில் ஒருவர்மேல் வந்து விழுவதாகவே பேசப்படும் துன்பம், இந்த வழக்கில் மட்டும் நீந்தத் தெரிவதையும் பாடத் தெரிவதையும் போன்ற ஒரு திறனாக எண்ணப்படுகிறது. இப்பேச்சுமுறைக்குப் பின்னே நீண்டதொரு சமய வரலாறு உண்டு. துறவொழுக்கத்தையும் உடலை ஒறுத்தலையும் குறிக்க ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல் ‘அஸ்கேசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல் பழங்கிரேக்க வழக்கில் துறவைக் குறிக்கவில்லை, மற்போருக்கும் ஓட்டத்துக்கும் உடலைப் பழக்கும் பயிற்சியையே குறித்தது. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் திருத்தூதர் பவுல் தம்மை ஓட்டப்பந்தய வீரராகவும் குத்துச்சண்டை வீரராகவும் உருவகித்து, வாடிப்போகும் முடிக்காக அவர்கள் உடலை அடக்குவதையும் வாடா முடிக்காகத் தாம் உடலை அடக்குவதையும் ஒப்பிட்டபோது, அந்நகருக்கு அருகே நடந்துவந்த இஸ்த்மியப் போட்டிகளை அறிந்த வாசகர்களுக்கு அந்த உருவகம் விளக்கமின்றியே விளங்கியிருக்கும். பின்வந்த நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைநிலத் துறவியர் கிறிஸ்துவின் போட்டியாளர்கள் என்று அழைக்கப்பட்டனர். தமிழில் ‘நோன்பு’ என்ற சொல்லும் பொறுத்தலைக் குறிக்கும் ‘நோன்றல்’ என்பதோடு வேர்ப்பொருளைப் பகிர்ந்துகொள்கிறது. ஆயினும் அது விளையாட்டுக் களத்திலிருந்து வந்த சொல் அன்று.

களத்திலிருந்து மடத்துக்குச் சென்ற இந்த உருவகம், செல்லும் வழியில் ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டுவிட்டது. பயிற்சியின் துன்பம் ஒருவர் தாமே மேற்கொள்வது. நோய், விபத்து, சிறை, போர் ஆகியவற்றின் துன்பம் அவ்வாறு மேற்கொள்ளப்படுவதன்று. முன்னதற்குப் பயன் இருப்பதைக் கண்டு பின்னதற்கும் அதே வகைப் பயன் இருக்கவேண்டும் என்று கருதுவது சமயச் சிந்தனையில் மிகப் பழைய பழக்கம். எல்லாம் வல்லவரும் நல்லவருமான இறைவன் ஆளும் உலகில் குற்றமற்றோர் ஏன் துன்புறுகின்றனர் என்ற வினாவுக்கு விடை தேடும் வாதங்களை மெய்யியலார் இறைநீதி வாதங்கள் என்பர். ‘தியோடிசி’ என்ற பெயரை அவற்றுக்கு 1710இல் தம் நூலின் தலைப்பு வழியாக வழங்கியவர் லைப்னிட்ஸ். அவ்வாதங்களுள் மக்களிடையே மிகுதியாக வேரூன்றியது துன்பத்தைப் பயிற்சியாகக் காணும் வாதமே. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஆராய, இரு வகைத் துன்பமும் ஒரே உடலில் நேர்ந்த ஒருவரின் வாழ்க்கை உதவும். எஸ்பானியாவின் பாஸ்க் நாட்டைச் சேர்ந்த மிதிவண்டி வீராங்கனை யோவானே சோமாரிபாவின் வாழ்க்கை அத்தகையது.

சோமாரிபா 1972 ஆகஸ்ட் 11 அன்று பிஸ்காயா மாநிலத்தின் கெர்னிகா நகரில் பிறந்தவர். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஃபாபியானா லுப்பெரீனியின் கையில் இருந்த இத்தாலியின் மகளிர் ஜீரோ பந்தயத்தை 1999இல் வென்று, அதை வென்ற முதல் எஸ்பானியப் பெண்ணானார். 2000இல் மீண்டும் வென்றார். ஜீரோ என்பது பல நாள் கட்டங்களாக நடந்து, எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைந்த நேரம் எடுத்தவரை வெற்றியாளராக அறிவிக்கும் வகைப் பந்தயம். அதே 2000ஆம் ஆண்டில் பிரான்சின் மகளிர் சுற்றுப்பந்தயமான கிராந்த் பூக்லையும் வென்ற அவர், 2001இலும் 2003இலும் அதைத் திரும்ப வென்றார். 2002இல் பெல்ஜியத்தின் சோல்டர் நகரில் நடந்த உலகப் போட்டியின் சாலைப் பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். மறு ஆண்டு கனடாவின் ஹாமில்டன் நகரில், ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் தனிநேரப் பந்தயத்தில் உலகப் பட்டத்தை வென்றார். 2005இல் மத்ரித்தில் தம் நாட்டவர் முன்னிலையில் அதே பந்தயத்தில் வெள்ளி பெற்று, அவ்வாண்டோடு களத்தை விட்டு விலகினார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் முன்பே, இளம் வயதில், முதுகெலும்பின் வட்டு பிதுங்கியதற்காக அவருக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து நோய்த்தொற்று ஏற்பட்டது. பந்தயத்துக்குத் திரும்புவது இருக்கட்டும், முன்போல நடக்க முடியுமா என்பதே ஐயத்துக்கு உள்ளானது. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி, பிரெஞ்சுப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் முடிக்கின்றனர். அக்கதையின் அமைப்பு, சொல்பவர் அறிந்தோ அறியாமலோ, ஒரு சமய வாதத்தை உள்ளடக்கியது: மருத்துவமனையின் துன்பம் மலையின் துன்பத்துக்கு அவரை ஆயத்தம் செய்தது, படுக்கையில் கற்ற பொறுமையே பின்னர் ஆல்ப்ஸ் ஏற்றங்களில் பலன் தந்தது, ஆகவே அந்நோய் வீணாகவில்லை.

இவ்வாதத்தின் மிகத் தெளிந்த வடிவத்தை எழுதியவரும் இன்றைய எஸ்பானிய மண்ணில் பிறந்தவரே என்பது வியப்புக்குரியது. கோர்தோபாவில் பிறந்து ரோமில் வாழ்ந்த செனெக்கா, இறைப் பராமரிப்பைப் பற்றித் தம் நண்பர் லூசிலியுசுக்கு எழுதிய நூலில், நல்லோருக்குத் தீங்கு நேர்வது ஏன் என்ற வினாவுக்கு விளையாட்டுக் களத்திலிருந்தே விடை எடுக்கிறார். எதிராளி இல்லாத வலிமை தளர்ந்துபோகும். மற்போர் வீரர் தம்மினும் வலியவரைத் தேடிச் சென்று மோதுகின்றனர். கடுமையான தந்தை தம் மக்களை உழைக்க வைப்பதுபோல இறைவன் நல்லோரைச் சோதனைகளால் உறுதிப்படுத்துகிறார் என்பது அவர் கருத்து. ஸ்டோயிக் எனப்படும் மெய்யியல் மரபைச் சேர்ந்த செனெக்கா, அறமே நன்மை, மற்றவை நன்மையும் அல்ல தீமையும் அல்ல என்ற கொள்கையை ஏற்றவர் ஆதலால், நோயும் வறுமையும் அவர் பார்வையில் உண்மையில் தீங்குகளே அல்ல.

ஆனால் உருவகத்தின் வலிமையை அளக்கவேண்டுமெனில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடத்துக்கே திரும்பிச் சென்று பார்க்கவேண்டும். செனெக்காவின் வாதம் தடுமாறுவது மெய்யியல் பள்ளியில் அன்று, பயிற்சிக் களத்தில்தான். பயிற்சியாளர் தரும் சுமை அளவறிந்து தரப்படுவது. கடுமையாக மிதித்த நாளில் தசை வலுப்பெறுவதில்லை, சிதைகிறது; அடுத்து வரும் ஓய்வில்தான் சிதைந்தது முன்பைவிட உறுதியாகக் கட்டப்படுகிறது. ஆகவே ஓய்வில்லாத சுமை பயிற்சியாகாது, உடலழிவே ஆகும் என்பது பயிற்றுவோர் அனைவரும் அறிந்தது. அதற்கு மேலாக, ஏறுபவர் இறங்கிவிடலாம். எவ்வளவு செங்குத்தான கணவாயிலும் மிதிப்பதை நிறுத்தும் உரிமை அவரிடமே இருக்கிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதே அவர் செயலின் சிறப்பு. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த இளம்பெண்ணுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே சுமையை யாரும் அளக்கவில்லை, ஓய்வுநாள் குறிக்கப்படவில்லை, எல்லைக்கோடு எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை, இறங்கிவிட வழியும் இல்லை. மாணவர் இறங்கவே முடியாதபடி கட்டிவைத்து, அவர் தாங்குவாரா மடிவாரா என்று அறியாமல் சுமை ஏற்றுபவரைப் பயிற்சியாளர் என்று எந்த அணியும் அழைக்காது. இறைவனுக்கு அப்பெயரைச் சூட்டுவது இறைவனுக்கும் பெருமை சேர்ப்பதன்று.

இவ்வாதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதே நோய்த்தொற்று வேறொருவரை வாழ்நாள் முழுதும் நடக்கவிடாமல் செய்திருந்தால், அவரைப் பற்றிய நூல் எழுதப்பட்டிராது. மீண்டவர்களின் கதைகளை மட்டும் அடுக்கிவைத்து, மீட்சிக்கு நோயே காரணம் என்பது தப்பிப் பிழைத்தோரை மட்டும் எண்ணிவிட்டுக் கடல் அமைதியானது என்று சொல்வதற்கு ஒப்பாகும். சோமாரிபா நோயால் வென்றார் என்பதற்கு இருக்கும் சான்றைவிட, நோய் வந்தும் வென்றார் என்பதற்கே சான்று மிகுதி. நோய் எடுத்துக்கொண்ட காலம் அவருக்கு இருந்திருந்தால் இன்னும் எத்தனை பந்தயங்களை வென்றிருப்பார் என்று கேட்கவும் இடம் உண்டு. அவ்வினாவை ஒருவரும் கேட்பதில்லை என்பதே அக்கதை எவ்வளவு ஆழமாக மனத்தில் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பாஸ்க் மண்ணில் பிறந்த வேறொருவரின் முறிந்த கால் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பொருந்தும். கிப்புஸ்கோவா மாநிலத்தின் அஸ்பெய்தியாவில் பிறந்து, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், 1521 மே 20 அன்று பாம்ப்லோனாக் கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு தாக்கி ஒரு கால் நொறுங்கியவராய் வீடு கொண்டுவரப்பட்டார். எலும்பு தவறாகப் பொருந்தியிருந்ததால் அதை மீண்டும் உடைத்துப் பொருத்த வேண்டியதாயிற்று. அதன்பின்னும் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நின்றது. அது உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் அன்றைய நாகரிகப்படி காலோடு ஒட்டிய காலணியை அணிய அது இடந்தராது. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அப்புடைப்பை அறுத்தெடுக்குமாறு அவரே கேட்டுக்கொண்டார். குண்டு தந்த வலி நேர்ந்தது. அறுவை தந்த வலி ஏற்றது, அதுவும் அழகுக்காக ஏற்றது. வலியைத் தேர்ந்துகொள்வதாலேயே அது புனிதமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. பின்னர்ப் படுக்கையில் படிக்கக் கிடைத்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும் அவரை இறைவன்பால் திருப்பின. மன்ரேசாவில் அவர் மேற்கொண்ட கடும் ஒறுத்தல்கள் உடலைக் கெடுத்தன என்று பிற்காலத்தில் அவரே உணர்ந்தார். அவர் தொகுத்த ஆன்மப் பயிற்சிகள் என்ற நூல் தன் முதல் குறிப்பிலேயே, நடப்பதும் ஓடுவதும் உடற்பயிற்சிகளாய் இருப்பதுபோல இவை ஆன்மாவுக்கான பயிற்சிகள் என்று விளக்கி, கிரேக்கச் சொல்லின் பழம்பொருளை அறிந்தோ அறியாமலோ மீட்டெடுக்கிறது. அதே நூல் ஒறுத்தலைப் பற்றிப் பேசுமிடத்தில், வலி சதையளவில் நிற்கவேண்டும், எலும்புக்குள் இறங்கி நோயாகிவிடக் கூடாது என்று எல்லை வகுக்கிறது. 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில் நோன்பையும் கசையடியையும் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார். தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி எழுதவைத்தபோது இஞ்ஞாசியார் தம்மை ‘நான்’ என்று குறிக்காமல் ‘பயணி’ என்று படர்க்கையில் குறித்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம். இடம் என்ற இலக்கணக் கூறு இவ்வாராய்ச்சியில் அடுத்து முதன்மை பெறுகிறது.

தமிழ் இலக்கணம் பேசுவோன், கேட்போன், பேசப்படும் பொருள் என்னும் மூன்றையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பகுக்கிறது. ஒரு கூற்று தன்மையில் உண்மையாக இருந்து, இடம் மாறியவுடன் பொய்யாகவோ கொடுமையாகவோ ஆகலாம். நோயுற்றவர் ஒருவர், என் நோய் எனக்குப் பொறுமையைக் கற்பித்தது என்று சொன்னால், அதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. தம் வாழ்க்கையின் சிதறிய துண்டுகளை எவ்வாறு கோப்பது என்பது அவருடைய செயல், அச்செயலும் ஒருவகைப் பயிற்சியே. அதே கூற்றைப் பார்க்க வந்தவர் கட்டிலருகில் நின்று, உன் நோய் உனக்குப் பொறுமையைக் கற்பிக்கும் என்று முன்னிலையில் சொன்னால் அது ஆறுதல் வேடமிட்ட அதட்டலாகிறது. விவிலியத்தில், துன்புற்ற யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் செய்த பிழையும் ஏறத்தாழ இதுவே. மேடையிலிருந்தோ நூலிலிருந்தோ, அவர்களுடைய நோய் அவர்களுக்கு நல்லதாயிற்று என்று படர்க்கையில் சொல்லும்போது, சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லாத ஒரு கொள்கையாக அது உறைந்துவிடுகிறது. இறைநீதி வாதங்கள் பெரும்பாலும் படர்க்கையில் எழுதப்படுபவை என்பதே அவற்றின் மேல் வைக்கத்தக்க முதன்மையான குற்றச்சாட்டு. பவுல் தம் உடலை ஒறுப்பதைத் தன்மையில் சொன்னார். இஞ்ஞாசியார் முன்னிலையில் பேசிய மடலில் துன்பத்தைக் கூட்டச் சொல்லவில்லை, குறைக்கவே சொன்னார். செனெக்காவின் வாதம் முன்னிலையில் ஒரு நண்பருக்கு எழுதப்பட்டது. ஆனால் 65ஆம் ஆண்டில் பேரரசர் நீரோவின் கட்டளைப்படி தம் இரத்த நாளங்களைத் தாமே அறுத்துக்கொள்ள நேர்ந்தபோது, அவ்வாதத்தைத் தன்மையில் சொல்லும் உரிமையை அவர் ஈட்டிக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஈட்டிய அவ்வுரிமை பிறருக்கு மாற்றித் தரத்தக்கதன்று.

இதற்கு வலுவான மறுப்பு எஸ்பானிய இறையனுபவ மரபிலிருந்தே எழக்கூடும். கார்மேல் சபைத் துறவியான சிலுவை யோவான், ஆன்மா இறைவனோடு ஒன்றாவதற்கு முன் கடக்கும் இருளை இரண்டாகப் பிரித்தார். ஆன்மா தானே முயன்று பற்றுகளை அகற்றிக்கொள்வது செயலிருள். தன் முயற்சி எதுவுமின்றி அதன்மேல் வந்து கவிவது செயலற்ற இருள். முன்னதைக் கார்மேல் மலையேற்றம் என்ற நூலிலும், பின்னதை இருண்ட இரவு என்ற நூலிலும் விரித்தார். ஏற்ற துன்பத்தைவிட நேர்ந்த துன்பமே ஆன்மாவை ஆழமாகத் தூய்மையாக்குகிறது என்பது அவர் முடிவு. இம்முடிவு சரியெனில் இதுவரை சொன்னவை தலைகீழாகின்றன அல்லவா?

ஆகவில்லை என்பதற்கு அவர் நூலும் வாழ்க்கையும் சான்று தருகின்றன. ஒருவர் உள்ளத்தின் வறட்சி இறைவன் தரும் இருளா, அல்லது அக்கால மருத்துவர் மெலன்கோலியா என்று அழைத்த உடல்நோயா என்பதைப் பிரித்தறிய அவர் மூன்று அறிகுறிகளைத் தருகிறார். எல்லாத் துன்பத்துக்கும் ஆன்மிகப் பொருள் உண்டென்று நம்பியவர் அவ்வாறு பிரித்தறியச் சொல்லத் தேவை இருந்திராது. வாழ்க்கைச் சான்று இதனினும் வலியது. 1577 டிசம்பரில், கார்மேல் சபையின் சீர்திருத்தத்தை எதிர்த்த சபைச் சகோதரர்களே அவரைப் பிடித்துச் சென்று, தொலேதோவில் மிகக் குறுகிய ஓர் அறையில் அடைத்துவைத்தனர். அவ்வறையின் இருளில் அவர் கவிதைகள் இயற்றினார் என்பது எல்லோரும் அறிந்ததே. குறைவாகப் பேசப்படுவது அதன் பிற்பகுதி: 1578 ஆகஸ்டில் ஓர் இரவு, போர்வைகளைக் கிழித்து முடிந்து கயிறாக்கி, உயர்ந்த சாளரத்தின் வழியே இறங்கி அவர் தப்பினார். நேர்ந்த துன்பம் ஆன்மாவைத் தூய்மையாக்கும் என்று எழுதியவர், அத்துன்பத்திலிருந்து வெளியேற வழி கிடைத்த இரவில் அங்கேயே தங்கிவிடவில்லை. சிறைவைத்தவர்கள் தம் ஆன்மாவுக்கு நன்மை செய்தவர்கள் என்று அவர்களுக்கு நன்றி எழுதி வைத்துவிட்டும் போகவில்லை. இருளில் அருள் கிடைக்கலாம் என்பது வேறு, அருளுக்காக இருள் ஏற்படுத்தப்பட்டது என்பது வேறு.

இனி ஏற்ற துன்பத்துக்கே திரும்பலாம். அதற்காவது தன்னளவில் மதிப்பு உண்டா? பந்தயத்தின் நுட்பத்தை அறிந்தவர் இல்லை என்றே சொல்லக்கூடும். பெலோட்டான் எனப்படும் பெருந்திரளின் நடுவே செல்பவர், முன்செல்வோர் காற்றைத் தடுப்பதால், தனியே செல்பவரைவிட மிகக் குறைந்த உழைப்பில் அதே வேகத்தை எட்டுகிறார். அவ்வாறு உழைப்பை மிச்சப்படுத்துவது கோழைத்தனமாகக் கருதப்படுவதில்லை, அறிவாகவே கருதப்படுகிறது. மலையில் வேகம் குறைவதால் அச்சலுகை சுருங்கி, ஒவ்வொருவரும் தம் எடைக்கும் மூச்சுக்கும் தாமே பொறுப்பாகின்றனர். தனிநேரப் பந்தயத்தில் அச்சலுகை அறவே இல்லை. முன்னே யாரும் இல்லை, பின்னே யாரும் இல்லை, முதல் நிமிடத்தில் அளவுக்கு மீறிச் செலவிட்டால் இறுதியில் அதை மீட்க வழியும் இல்லை. சோமாரிபா மலையிலும் தனிநேரப் பந்தயத்திலும் ஒருங்கே சிறந்து விளங்கியவர் என்பது அவர் எங்கே வலிமையைச் செலவிடுவது, எங்கே காப்பது என்பதை நுட்பமாக அறிந்தவர் என்பதையே காட்டும். ஒரே வேகத்தைக் குறைந்த வலியோடு எட்டுபவரே மேலான வீரர். ஆகவே துன்பப்படத் தெரிதல் என்று புகழப்படும் திறன், துன்பத்தைப் பெருக்கும் திறன் அன்று. அதை அளந்து, தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டும் செலவிடும் திறன். மருத்துவமனையில் அத்திறனுக்கு வேலையே இல்லை.

துன்பத்துக்குத் தன்னளவில் மதிப்பில்லை எனில், அதைக் குறைக்கும் ஊக்கமருந்தைக் கண்டிப்பது ஏன் என்று ஒருவர் கேட்கலாம். சோமாரிபாவின் காலம் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயெட்டின் என்ற மருந்தின் நிழல் படிந்த காலம். 1997 முதல் உலக மிதிவண்டிச் சங்கம் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஆண்களுக்கு நூற்றுக்கு 50, பெண்களுக்கு 47 என்ற வரம்பைக் கடக்கக் கூடாது என்று விதித்தது. ஆனால் அம்மருந்து வலியைக் குறைப்பதில்லை. அதைச் செலுத்திக்கொண்டவரும் அதே எல்லை வரை துன்புறுகிறார், விரைவாகச் செல்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு. அதன் குற்றம் உடலுக்குச் செய்யும் கேட்டிலும், உடன் ஓடுவோரிடம் சொல்லும் பொய்யிலும் இருக்கிறது; துன்பத்திலிருந்து தப்புவதில் இல்லை.

படர்க்கையில் பேசப்படும் துன்பப் புகழ்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதும் இல்லை. 1992இலும் 1993இலும் நவார்ராவைச் சேர்ந்த மிகேல் இந்துராயின் இத்தாலியச் சுற்றையும் பிரெஞ்சுச் சுற்றையும் ஒரே ஆண்டில் வென்றபோது எஸ்பானியா முழுவதும் கொண்டாடியது. 2000இல் சோமாரிபா மகளிர் பந்தயங்களில் அதே இரட்டை வெற்றியைப் பெற்றபோது அந்த ஆரவாரத்தில் ஒரு சிறு பங்கே அவருக்குக் கிடைத்தது. பிரான்சின் மகளிர் பந்தயம், ஆடவரின் பிரெஞ்சுச் சுற்றுக்குரிய தூர் என்ற பெயரைச் சூடுவதற்குப் பெயருரிமை உடையோர் எதிர்ப்புத் தெரிவித்ததால், ‘பெருஞ்சுற்று’ என்று பொருள்படும் கிராந்த் பூக்ல் என்ற பெயரோடு நடந்தது. 2004இல் நடத்தப்படவே இல்லை. மெல்லச் சுருங்கி 2009க்குப் பின் மறைந்தது. மகளிரின் உயர்நிலை அணிகளில் ஆண்டுக்கு 15,000 யூரோ என்ற குறைந்தபட்ச ஊதியம் 2020இல்தான் விதிக்கப்பட்டது. இவ்வாறான பற்றாக்குறைகளைத் தாங்கியோரின் மனவுறுதியைப் போற்றும் எழுத்துகள் ஏராளம். ஊதியமின்மை ஒரு மலை அன்று. அதை ஏறியதற்காகப் பாராட்டும்போது, அதை அங்கே வைத்தவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றனர். மகளிருக்கான தூர் 2022இல் மீண்டு வந்தபின், மயோர்காவைச் சேர்ந்த மாவி கார்சியா 2025இல் தம் 41ஆம் வயதில் கெம்பெர் நகரில் ஒரு கட்டத்தை வென்றார். அதை எஸ்பானியா பார்த்தது. முந்தைய தலைமுறை பட்ட பாட்டின் பலன் அது என்று கூறுவோர், அந்தப் பாடு இன்றி அவ்வெற்றி இன்னும் முன்னதாகவே வந்திருக்கலாம் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

சோமாரிபா பிறந்த ஊரே இவ்வினாவை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுசெல்கிறது. 1937 ஏப்ரல் 26, சந்தை கூடும் திங்கட்கிழமையன்று, எஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் தரப்புக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகாவைக் குண்டுவீசி எரித்தன. பின்வாங்கிய பாஸ்க் படையினரே ஊரைக் கொளுத்தியதாக ஃபிராங்கோ தரப்பு நெடுங்காலம் சொல்லிவந்தது. உள்நாட்டுப் போர் முழுவதையும் நாட்டின் பாவங்களுக்கான கழுவாய் என்றும் தூய்மையாக்கும் நெருப்பு என்றும் பேசிய திருச்சபைக் குரல்களும் அன்று ஒலித்தன. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாளிட்டு எஸ்பானிய ஆயர்கள் ஃபிராங்கோ தரப்பை ஆதரித்துக் கூட்டுத் திருமுகம் வெளியிட்டனர். அதில் ஒப்பமிடாதவர்களுள் ஒருவர் விதோரியாவின் ஆயர் மத்தேயோ மூஹிகா. கெர்னிகா அன்று அவருடைய மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. கழுவாய் என்ற சொல்லை ஒருவர் தம் பாவத்துக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். சந்தைக்கு வந்தவர்களின் சாவுக்கு, தொலைவில் பாதுகாப்பாக இருந்தவர் அச்சொல்லைச் சூட்டியபோது, பயிற்சி உருவகம் தன் மிகக் கொடிய வடிவத்தை எடுத்தது. அக்குண்டுவீச்சைப் பற்றிப் பிக்காசோ வரைந்த ஓவியம் இருபதாம் நூற்றாண்டின் பெருமைமிக்க படைப்புகளுள் ஒன்று. அவ்வோவியம் கிடைத்ததால் குண்டுவீச்சு பயனுள்ளதாயிற்று என்று இதுவரை எந்தக் கலை விமரிசகரும் எழுதத் துணியவில்லை. இறையியலாளர்களுக்கு அத்துணிவு எளிதில் வந்துவிடுகிறது.

மிதிவண்டி வீரர்களின் சொந்தச் சமய வழக்கம் இவ்விடயத்தில் அறிஞர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மாதோன்னா தெல் கிசால்லோ என்ற சிறு மரியன்னைக் கோயில் உண்டு. அந்த அன்னையை மிதிவண்டியாளர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1949இல் அறிவித்தார். பாஸ்க் நாட்டில் சலீனாஸ் தெ லேனிசில் உள்ள தோர்லேத்தா அன்னை எஸ்பானிய மிதிவண்டியாளர்களுக்கு அத்தகைய பாதுகாவலி. கிசால்லோவின் சுவர்களில் பந்தயங்களை வென்றோரின் மிதிவண்டிகளும் சட்டைகளும் தொங்குகின்றன. அவற்றோடு, 1992இல் பார்சலோனா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்று, 1995 ஜூலை 18 அன்று பிரெனே மலையின் போர்த்தே தாஸ்பே கணவாயின் இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ காசர்தெல்லியின் நெளிந்த மிதிவண்டியும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வெற்றியின் வண்டிகளும் சாவின் வண்டியும் ஒரே கூரையின்கீழ் இருப்பினும், ஒன்றை மற்றொன்றுக்கு விலையாகக் கணக்கிடும் வாசகம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அங்கே வந்து மெழுகுதிரி ஏற்றுவோர் அடுத்த இறக்கத்தில் விழாமல் காக்குமாறு வேண்டுகின்றனர். வேண்டிவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த வண்டியை எடுத்து, சாலையில் தாமே மிதிக்கத் தொடங்குகின்றனர்.